பெரணிகளின் இனப்பெருக்க வளர்ச்சியில் ஒளியும் இயக்குநீரும்: பாலினத் தீர்மானம் குறித்த அறிவியல் தமிழ் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பூக்காத் தாவரங்களுள் ஒரு பெரும்பிரிவாகிய பெரணிகளில் ஆண், பெண் என்னும் நிலை ஸ்போருக்குள் முன்னரே எழுதப்பட்டிருப்பதில்லை. முளைத்த இடத்தின் ஒளி, அண்டையில் வளரும் பிற பெரணிகள் வெளியிடும் வேதிப்பொருள், முளைத்த காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. ஆந்திரிடியோஜன் எனப்படும் அவ்வேதிப்பொருள் 1950இல் இனங்காணப்பட்டது முதல், அது ஜிப்ரெல்லின் வகையைச் சார்ந்தது என்பதும், அதன் ஆக்கம் இரு வேறு உடல்களுக்கிடையே பகிர்ந்து நிகழ்கிறது என்பதும் நிறுவப்பட்டது வரையிலான செய்திகளை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வறிவைத் தமிழில் எடுத்துரைக்கும்போது எழும் கலைச்சொல் சிக்கல்களையும் இறுதியில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெரணி, கேமீட்டகத் தாவரம், முன்னுடலம், ஆந்திரிடியோஜன், ஜிப்ரெல்லின், ஃபைட்டோகுரோம், பாலினத் தீர்மானம், அறிவியல் தமிழ்

முன்னுரை

ஐரோப்பிய மக்கள் வழக்கில் 'ஆண் பெரணி', 'பெண் பெரணி' என இரு பெரணிகள் உண்டு. தடித்த, முரட்டுத் தோற்றமுடைய இலைகளைக் கொண்டது ஆண் எனவும், மெல்லிய, நுண்ணிதாகப் பிளவுபட்ட இலைகளைக் கொண்டது பெண் எனவும் அழைக்கப்பட்டன. லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற்பெயர் வழங்கியபோது இவ்வழக்கையே ஏற்று, ஒன்றினை ஃபிலிக்ஸ்-மாஸ் எனவும் மற்றதனை ஃபிலிக்ஸ்-ஃபெமினா எனவும் இலத்தீனில் பெயரிட்டார். இன்று முன்னது டிரையாப்டெரிஸ் பேரினத்திலும் பின்னது அத்திரியம் பேரினத்திலும் வைக்கப்படுகின்றன. இரண்டும் தனித்தனி இனங்கள். ஒன்று மற்றொன்றின் துணை அன்று.

இப்பெயர்களில் ஒரு பிழை உள்ளது. கண்ணுக்குப் புலப்படும் இலைகளோடு கூடிய பெரணிச் செடிக்குப் பாலினமே இல்லை. பாலுறுப்புகள் தோன்றுவது அச்செடியில் அன்று; அதன் ஸ்போரிலிருந்து முளைத்து, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சில மில்லிமீட்டர் அளவேயான வேறோர் உடலில். அந்தச் சிற்றுடலிலும் ஆண், பெண் என்பது பிறவியிலேயே அமைந்த பண்பு அன்று. தமிழர் நன்கறிந்த பனையோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். பனையின் பாலினம் பூக்கும் பருவம் வரை வெளியே தெரிவதில்லை. ஆயினும் அது விதையிலேயே முடிவாகிவிட்டது. அலகுப்பனை என்றும் அலகுப்பனையே. பருவப்பனை என்றும் பருவப்பனையே. பெரணியின் ஸ்போரோ முளைத்த பிறகே, சூழலை அறிந்து, தன் பாலினத்தை அடைகிறது. அவ்வாறு அடையும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெரணியின் இரு தலைமுறைகள்

பெரணி இலையின் அடிப்பகுதியில் பழுப்பு நிறப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ காணப்படுபவை சோரஸ்கள். ஒவ்வொரு சோரசிலும் வித்தகங்கள் எனப்படும் நுண்பைகள் பல உள்ளன. வித்தகத்தினுள் குன்றல் பிரிவு நிகழ்ந்து ஸ்போர்கள் உருவாகின்றன. ஆதலின் இலைகளோடு கூடிய செடி வித்தகத் தாவரம் எனப்படுகிறது. இதன் செல்களில் குரோமோசோம்கள் இரட்டைமடியமாக உள்ளன. ஸ்போர்களில் ஒற்றைமடியமாக உள்ளன.

காற்றில் பரவி ஈர மண்ணில் விழும் ஸ்போர் முளைத்து, முதலில் செல்கள் வரிசையாக அமைந்த இழையாக வளர்கிறது. பின்னர்ப் பக்கவாட்டிலும் பிரிந்து, பெரும்பகுதி ஒரே செல் அடுக்குடைய, இதய வடிவத் தகடாக மாறுகிறது. இதுவே முன்னுடலம் என வழங்கும் கேமீட்டகத் தாவரம். இது பச்சையமுடையது, வேரிகளால் மண்ணைப் பற்றித் தனித்து வாழ வல்லது. இதன் அடிப்புறத்தில் விந்தணுக்களைத் தரும் ஆந்திரிடியங்களும், அண்டத்தைத் தாங்கும் ஆர்க்கிகோனியங்களும் தோன்றுகின்றன. பெரணி முன்னுடலத்தில் ஆந்திரிடியங்களை 1844இல் நேகெலி கண்டறிந்தார். ஆர்க்கிகோனியத்தையும் கருவுறுதலையும் 1848இல் லெஷ்ச்சிச்-சுமின்ஸ்கி விளக்கினார். இவ்விரு தலைமுறைகளும் மாறி மாறி வருவது தரைத் தாவரங்கள் பலவற்றுக்கும் பொதுவான நெறி என்பதை 1851இல் ஹோஃப்மைஸ்டர் நிறுவினார்.

பெரணிகளுள் சில இருவகை ஸ்போர்களை உண்டாக்குகின்றன. தமிழகத்து நீர்நிலைகளில் வளரும் ஆரைக்கீரையும், நெல்வயலில் உரமாக இடப்படும் அசோலாவும் இவ்வகையின. இவற்றில் சிறிய ஸ்போர் ஆண் முன்னுடலத்தையும் பெரிய ஸ்போர் பெண் முன்னுடலத்தையும் தருவதால், முளைப்பதற்கு முன்பே பாலினம் முடிவாகிவிடுகிறது. ஆனால் பெரணிகளுள் மிகப் பெரும்பாலானவை ஒரேவகை ஸ்போரை உடையவை. வடிவாலும் அளவாலும் வேறுபாடற்ற இந்த ஸ்போர்களிலிருந்து ஆண் முன்னுடலம், பெண் முன்னுடலம், இருபால் முன்னுடலம் ஆகியன எவ்வாறு தோன்றுகின்றன என்பதே ஆராயத்தக்க வினா.

2. முளைத்தலும் வடிவமும்: ஒளியின் பங்கு

இனப்பெருக்க வளர்ச்சியின் முதற்படி ஸ்போர் முளைத்தல். பெரும்பாலான பெரணி ஸ்போர்கள் ஈரம் மட்டும் கிடைத்தால் முளைப்பதில்லை, ஒளியும் வேண்டும். எந்த ஒளியாயினும் போதும் என்பதும் இல்லை. சிவப்பு ஒளி முளைத்தலைத் தூண்டுகிறது. சிவப்பு ஒளியைத் தொடர்ந்து உடனே தொலைசிவப்பு ஒளியைச் செலுத்தினால் அத்தூண்டல் நீங்கிவிடுகிறது. இவ்வாறு மாறி மாறிச் செயல்படுவது ஃபைட்டோகுரோம் என்னும் ஒளியேற்பி நிறமியின் அடையாளமாகும். அது ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை ஏற்றுச் செயல்வடிவம் பெறுகிறது. ஏறத்தாழ 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள தொலைசிவப்பு ஒளியை ஏற்று மீண்டும் செயலற்ற வடிவத்திற்குத் திரும்புகிறது.

பழஞ்சுவர்களிலும் கிணற்றுக் கட்டுமானங்களிலும் வளரும் டெரிஸ் விட்டேட்டா என்னும் பெரணியைச் சுகாய், ஃபுருயா ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1967இல் முடிவுகளை வெளியிட்டனர். ஃபைட்டோகுரோம் வழியாக நிகழும் முளைத்தலில் நீல ஒளி குறுக்கிடுகிறது என்பதை அவ்வாய்வு காட்டியது. ஆகவே ஸ்போர் ஒளி உண்டா இல்லையா என்பதை மட்டும் அறிவதில்லை. ஒளியின் நிறத்தையும் பிரித்தறிகிறது.

இதன் வாழ்வியற் பயனை எளிதில் உணரலாம். மரநிழலில் விழும் ஒளி, மேலுள்ள இலைகளின் பச்சையத்தால் சிவப்புப் பகுதி உறிஞ்சப்பட்டு, தொலைசிவப்பு மிகுந்து வருவது. மண்ணுக்குள் புதைந்த ஸ்போருக்கு ஒளி ஏறக்குறைய எட்டுவதே இல்லை. ஒரு சில செல்களுக்குப் போதுமான உணவையே சேமித்து வைத்திருக்கும் ஸ்போர், ஒளிச்சேர்க்கைக்கு வாய்ப்பில்லாத இடத்தில் முளைத்தால் அழியும். ஃபைட்டோகுரோம் அவ்வழிவைத் தடுக்கும் காவலாக அமைகிறது.

முளைத்த பின்னர் ஒளி வடிவத்தையும் வகுக்கிறது. டிரையாப்டெரிஸ் ஃபிலிக்ஸ்-மாஸ் முன்னுடலங்களைக் கொண்டு ஹான்ஸ் மோர் 1956இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. சிவப்பு ஒளியில் வளர்ந்தவை நீண்ட இழைகளாகவே இருந்தன. நீல ஒளியில் வளர்ந்தவை அகன்ற தகடுகளாயின. இது வெறும் உருவ மாற்றம் அன்று. ஆர்க்கிகோனியங்கள் தோன்றுவதற்கு, தகட்டின் குழிவுப் பகுதியில் ஆக்குத்திசுவும், அதனை அடுத்துப் பல செல் அடுக்குடைய தடித்த பகுதியும் வேண்டும். இழை வடிவில் நின்றுவிடும் உடலுக்கு அந்த அமைப்பு வாய்ப்பதில்லை. ஆந்திரிடியமோ சிறிய, வளர்ச்சி குன்றிய உடலிலும் தோன்றக்கூடியது. ஆகவே ஒளி, வடிவத்தின் வாயிலாகவே பெண்மைக்கான வாய்ப்பை உருவாக்குகிறது எனலாம்.

3. ஆந்திரிடியோஜன்: அண்டையார் விடுக்கும் செய்தி

ஒளியால் முளைத்து வடிவம் பெற்ற முன்னுடலம் எந்தப் பாலுறுப்பைத் தாங்கும் என்பதில் இயக்குநீர் முதன்மை பெறுகிறது. இதனை முதலில் வெளிக்கொணர்ந்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வால்ட்டர் டோப். டெரிடியம் அக்குலினம் என்னும் பெரணியின் முதிர்ந்த முன்னுடலங்கள் வளர்ந்திருந்த ஊடகத்தில் இளம் முன்னுடலங்களை வளர்த்தபோது, அவற்றில் ஆந்திரிடியங்கள் விரைந்தும் மிகுந்தும் தோன்றுவதை அவர் கண்டார். முதிர்ந்த உடல்கள் ஏதோ ஒரு பொருளை ஊடகத்தில் கசியவிடுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. 1950இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பே ஆந்திரிடியோஜன் ஆய்வின் தொடக்கமாகும்.

இதனைத் தொடர்ந்து உல்ரிக் நேஃப், ஒனோக்லியா, அனீமியா முதலிய பெரணிகளில் விரிவான ஆய்வுகளை மேற்கொண்டார். அவற்றின் வழி ஒரு முக்கிய நெறி புலப்பட்டது. முன்னுடலம் இளமையில் ஆந்திரிடியோஜனுக்கு இணங்குகிறது. வளர்ந்து இதய வடிவை அடையும் நிலையில் அவ்விணக்கத்தை இழக்கிறது. இழந்த பிறகு தானே ஆந்திரிடியோஜனை மிகுதியாக வெளியிடத் தொடங்குகிறது. அதாவது, முந்தி முளைத்தது செய்தியை விடுப்பதாகவும், பிந்தி முளைத்தது செய்தியை ஏற்பதாகவும் அமைகின்றன. தான் விடுக்கும் செய்தியால் தானே ஆணாகிவிடாமல் இருப்பதற்கு இந்த ஒழுங்கு இன்றியமையாதது.

ஆந்திரிடியோஜனின் வேதியியல்பு பற்றிய குறிப்பு எதிர்பாராத திசையிலிருந்து கிடைத்தது. ஜிப்ரெல்லின் என்னும் தாவர இயக்குநீரின் வரலாறு நெல்லோடு தொடர்புடையது. நெற்பயிரை அளவிறந்து நெட்டையாக வளரச் செய்யும் நோய்க்கு, ஒரு பூஞ்சை வெளியிடும் பொருளே காரணம் என்று 1926இல் ஜப்பானியரான குரோசாவா காட்டினார். அப்பொருளே பின்னர் ஜிப்ரெல்லின் எனப் பெயர் பெற்றது. 1962இல் ஹெல்முட் ஷ்ரௌடோல்ஃப், ஜிப்ரெல்லிக் அமிலத்தை அனீமியா உள்ளிட்ட பெரணிகளுக்கு அளித்து இரண்டு விளைவுகளைக் கண்டார். முன்னுடலங்களில் ஆந்திரிடியங்கள் தோன்றின. ஸ்போர்கள் ஒளியின்றி இருளிலேயே முளைத்தன. இயற்கையான ஆந்திரிடியோஜன் செய்யும் அதே வேலையை, நெற்பயிரை நெட்டையாக்கிய பொருளும் செய்தது.

அனீமியா ஃபில்லிட்டிடிசின் ஆந்திரிடியோஜனுக்கு நகனிஷியும் நேஃபும் பிறரும் 1971இல் வேதிக் கட்டமைப்பை முன்மொழிந்தனர். ஜிப்ரெல்லினோடு நெருங்கிய உறவுடைய அப்பொருளைக் கோரியும் மையர்சும் 1985இல் ஆய்வகத்தில் தொகுத்து, அதன் முப்பரிமாண அமைப்பைத் தெளிவுபடுத்தினர். லைகோடியம் ஜப்பானிக்கம் என்னும் ஏறுபெரணியில் ஜிப்ரெல்லின் 9, ஜிப்ரெல்லின் 73 ஆகியவற்றின் மெத்தில் எஸ்டர்கள் ஆந்திரிடியோஜன்களாகக் கண்டறியப்பட்டன. இவற்றுள் பின்னது, லிட்டருக்கு 10⁻¹⁴ மோல் என்னும் செறிவிலேயே ஆந்திரிடியத்தைத் தோற்றுவிக்க வல்லது. எடையாகக் கூறின், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 3 பிக்கோகிராம். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

4. ஒரு மூலக்கூறின் ஆக்கம், இரு உடல்களில்

ஆந்திரிடியோஜன் ஜிப்ரெல்லினின் உறவு என்பது உறுதியான பின்னும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. ஜிப்ரெல்லின் 9இன் மெத்தில் எஸ்டர், பூக்கும் தாவரங்களில் செயல்திறன் உடைய ஜிப்ரெல்லின் அன்று. செயல்திறனுக்கு வேண்டிய ஹைட்ராக்சில் தொகுதி அதன் மூன்றாம் கார்பனில் இல்லை; மெத்தில் தொகுதியோ மிகையாக ஒட்டியுள்ளது. செயலற்றதாகத் தோன்றும் பொருள், மிகச் சிறு அளவில் பெருவிளைவை எவ்வாறு உண்டாக்குகிறது?

2014இல் ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று இப்புதிரை லைகோடியத்தில் விடுவித்தது. ஜிப்ரெல்லின் ஆக்கம் பல படிகளைக் கொண்டது. அப்படிகளுக்குரிய நொதிகளின் மரபணுக்கள் முதிர்ந்த முன்னுடலங்களில் மிகுந்து செயற்படுகின்றன. ஆனால் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் இறுதிப்படியின் நொதி மட்டும் அங்கு அடக்கப்பட்டுள்ளது. எனவே முதிர்ந்த உடலில் ஆக்கம் இறுதிக்கு ஒரு படி முன்பாக நின்றுவிடுகிறது. அவ்வாறு நின்ற பொருள் மெத்தில் எஸ்டராக மாற்றப்பட்டு வெளியே விடப்படுகிறது. இளம் முன்னுடலங்களிலோ நிலைமை நேர்மாறானது. முற்படிகளின் நொதிகள் அங்குக் குறைவு. மெத்தில் தொகுதியை நீக்கும் நொதியும் இறுதிப்படியின் நொதியும் மிகுதி. வெளியிலிருந்து வந்த முன்பொருளை உள்ளேற்று, மெத்தில் தொகுதியை நீக்கி, ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து, செயல்திறன் மிக்க ஜிப்ரெல்லின் 4ஆக இளம் உடல் மாற்றிக்கொள்கிறது.

மெத்தில் தொகுதிக்கும் ஒரு பணி உண்டு. அது மூலக்கூறின் நீர்விலக்குத் தன்மையை மிகுவிக்கிறது. அதனால் ஜிப்ரெல்லின் 9ஐ விட அதன் மெத்தில் எஸ்டர் இளம் முன்னுடலத்திற்குள் எளிதாக ஏற்கப்படுகிறது. உள்ளே உருவான ஜிப்ரெல்லின் 4, பூக்கும் தாவரங்களில் உள்ளது போன்ற ஏற்பிப் புரதத்தோடு இணைந்து, டெல்லா என்னும் தடைப் புரதத்தை நீக்குகிறது. தடை நீங்கியதும் ஆந்திரிடியம் உருவாகிறது.

இவ்வாறு ஓர் இயக்குநீரின் ஆக்கப்பாதை காலத்தாலும் இடத்தாலும் இரண்டாகப் பிளந்து, ஒரு தலைமுறையைச் சேர்ந்த மூத்த உடலுக்கும் இளைய உடலுக்கும் இடையே பங்கிடப்பட்டுள்ளது. முதிர்ந்த முன்னுடலம் அதனை முடிக்காமல் விடுவதால், அதன் தாக்கத்திலிருந்து தான் தப்புகிறது. இளம் முன்னுடலம் தொடக்கத்தைச் செய்யாமல் இருப்பதால், அண்டையில் மூத்த உடல் உண்டா இல்லையா என்பதை அறியும் கருவியாக அந்தப் பொருளைப் பயன்படுத்த முடிகிறது.

5. செரடாப்டெரிஸ் காட்டும் மரபியல் ஒழுங்கு

லைகோடியம் வேதியியலை விளக்கியது போல, செரடாப்டெரிஸ் ரிச்சர்டியை என்னும் வெப்பமண்டல நீர்ப்பெரணி மரபியலை விளக்கியது. இதன் முன்னுடலம் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பாலுறுப்புகளைத் தாங்குவதால் ஆய்வகத்திற்கு ஏற்றதாயிற்று. தனித்து முளைக்கும் இதன் ஸ்போர் இருபால் முன்னுடலமாகிறது. ஆந்திரிடியோஜன் உள்ள ஊடகத்தில் முளைக்கும் ஸ்போர் ஆண் முன்னுடலமாகிறது. ஆண் உடலில் ஆக்குத்திசு அமைவதில்லை. அது சிறுத்து நின்று, தன் செல்களில் பெரும்பாலானவற்றை ஆந்திரிடியங்களாக மாற்றுகிறது. ஆந்திரிடியோஜனுக்கு இணங்கும் காலம் முளைத்தலை ஒட்டிய சில நாள்களே. ஆக்குத்திசு அமைந்தபின் உடல் இணங்குவதில்லை. ஆயினும், ஆண் உடலை ஆந்திரிடியோஜன் இல்லாத ஊடகத்திற்கு மாற்றினால், அதன் சில செல்கள் மீண்டும் பிரிந்து இருபால் உடலாக வளரக்கூடும். ஆண்மை இங்கு மீளத்தக்க நிலையாகவே உள்ளது.

லெஸ்லி ஹிக்கோக், ஜோ ஆன் பேங்க்ஸ் முதலியோர் திடீர்மாற்ற வகைகளைத் தேர்ந்து இத்தீர்மானத்தின் உள்ளமைப்பை ஆராய்ந்தனர். ஒருவகைத் திடீர்மாற்றம் உடையவை ஆந்திரிடியோஜன் இருப்பினும் இருபாலாகவே வளர்ந்தன. மற்றொரு வகையின ஆந்திரிடியோஜன் இல்லாவிடினும் ஆணாகவே வளர்ந்தன. வேறொரு வகையினவற்றில் ஆந்திரிடியம் தோன்றவே இல்லை. அவை பெண்ணாக மட்டுமே வளர்ந்தன. இவற்றிலிருந்து ஆண்மையைத் தூண்டும் மரபணுக்களும் பெண்மையைத் தூண்டும் மரபணுக்களும் ஒன்றையொன்று அடக்கும் உறவில் உள்ளன என்பதும், ஆந்திரிடியோஜன் அச்சமநிலையை ஆண்பக்கம் சாய்க்கிறது என்பதும் பெறப்பட்டன. ஒரே மரபணுத் தொகுதிக்குள் இருபாலுக்கும் உரிய வழிகள் உள்ளன. எவ்வழி திறப்பது என்பதைப் புறச்செய்தி முடிவு செய்கிறது.

பிற இயக்குநீர்களும் இதில் பங்கு கொள்கின்றன. அப்சிசிக் அமிலம், ஆந்திரிடியோஜனின் விளைவைத் தடுக்கிறது என்று 1983இல் ஹிக்கோக் அறிவித்தார். பூக்கும் தாவரங்களின் விதைமுளைத்தலில் ஜிப்ரெல்லினும் அப்சிசிக் அமிலமும் எதிரெதிராகச் செயற்படுவது நன்கறியப்பட்டது. அதே எதிர்நிலை பெரணியில் பாலினத் தீர்மானத்திலும் காணப்படுகிறது. பூக்கும் தாவரங்களில் வறட்சியின்போது இலைத்துளையை மூடச் செய்யும் சமிக்ஞைப் பாதையைச் சார்ந்த ஒரு மரபணு, செரடாப்டெரிசில் இலைத்துளையை அன்றிப் பாலினத் தீர்மானத்தையே நெறிப்படுத்துகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இலைத்துளைக்குப் பயன்படுவதற்கு முன்பே அப்பாதை பாலினத்திற்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பது அவ்வாய்வின் கருத்து.

ஒளியும் இயக்குநீரும் ஒரே முடிவில் சந்திப்பதை இவ்வினமே காட்டுகிறது. இருளிலும் முளைக்கும் திடீர்மாற்ற வகைகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகளில், ஒளி பாலினத் தீர்மானத்தில் பங்கு கொள்வதும், நீல ஒளி ஆந்திரிடியத் தோற்றத்திற்கு எதிராகச் செயற்படுவதும் அறியப்பட்டன. நீல ஒளி தகடு வடிவை வளர்க்கிறது என்னும் மோரின் முடிவோடு இது பொருந்தி நிற்கிறது. இருளில் வளர்ந்த செரடாப்டெரிஸ் முன்னுடலங்களுக்குச் சைட்டோகைனின் அளித்தபோது, ஒளியில் வளர்வன போன்ற வளர்ச்சி தூண்டப்பட்டது என 2004இல் அறிவிக்கப்பட்டது. ஒளியின் பணியை ஓர் இயக்குநீர் ஓரளவு ஏற்றுச் செய்ய இயலும் என்பதற்கு இது சான்று.

6. இருளில் முளைக்கும் ஆண்

ஷ்ரௌடோல்ஃப் கண்ட இரண்டாம் விளைவு இங்கு மீண்டும் நினைக்கத்தக்கது. மண்ணின் மேற்பரப்பில் விழாமல் உள்ளே புதைந்த ஸ்போர்கள், ஒளி கிடைக்காமல் உறங்குநிலையில் சேமிப்பாகக் கிடக்கின்றன. மேற்பரப்பில் ஒரு முன்னுடலம் முதிர்ந்து ஆந்திரிடியோஜனை வெளியிட்டால், அது நீரோடு கீழிறங்கி, ஒளி இல்லாமலேயே ஸ்போர்களை முளைக்கச் செய்யக்கூடும். அவ்வாறு முளைப்பவை அப்பொருளின் தாக்கத்தாலேயே ஆணாகின்றன. அத்திரியம், டிரையாப்டெரிஸ் பெரணிகளின் ஸ்போர்ச் சேமிப்பு, இருள்முளைத்தல், பாலினத் தீர்மானம் ஆகியவற்றை ஷ்னெல்லர் 1988இல் ஒருசேர ஆராய்ந்தார். லின்னேயஸ் 'ஆண்', 'பெண்' எனப் பெயரிட்ட பெரணிகளின் பேரினங்களே இவை என்பது குறிப்பிடத்தக்கது.

ஒளிச்சேர்க்கை செய்ய இயலாத உடல் நெடுநாள் வாழாது. ஆனால் விந்தணுக்களை உண்டாக்க நெடுநாள் வேண்டுவதில்லை. சேமித்த சிற்றுணவைக் கொண்டே ஓர் ஆந்திரிடியத்தை உருவாக்கிவிட முடியும். அண்டத்தைத் தாங்கி, கருவை வளர்க்க வேண்டிய உடலுக்கோ அளவும் உணவும் ஒளியும் தேவை. எனவே ஒளியில் முந்தி வளர்ந்தது ஆர்க்கிகோனியத்தைத் தாங்குவதும், இருளிலோ நெரிசலிலோ பிந்தி வளர்ந்தது ஆந்திரிடியத்தைத் தாங்குவதும் வளங்களுக்கேற்ற பங்கீடாக அமைகின்றன.

இப்பங்கீட்டின் முதன்மையான பயன் மரபுவளம். இருபால் முன்னுடலம் தன் விந்தணுவாலேயே தன் அண்டத்தைக் கருவுறச் செய்தால், இரண்டும் ஒரே ஒற்றைமடிய உடலிலிருந்து வந்தவையாதலால், பிறக்கும் வித்தகத் தாவரத்தில் ஒவ்வொரு மரபணுவும் ஒத்த இணையாகவே அமையும். தீமை பயக்கும் ஒடுங்கிய பண்பு எதுவும் அங்கு மறைந்திருக்க இயலாது. பூக்கும் தாவரங்களில் தன்மகரந்தச் சேர்க்கை பல தலைமுறைகளில் செய்யும் குறுக்கத்தைப் பெரணியின் தற்கருவுறுதல் ஒரே தலைமுறையில் செய்துவிடுகிறது. அண்டையில் ஆண் உடல்களை உண்டாக்குவதன் வாயிலாக ஆந்திரிடியோஜன் அயற்கருவுறுதலுக்கு வழி செய்கிறது. அண்டையில் யாரும் இல்லையெனின், தனித்து விழுந்த ஒரே ஸ்போர் இருபாலாக வளர்ந்து புதிய நிலத்தில் இனத்தை நிறுவவும் கூடும். கூட்டத்தில் பிரிவும் தனிமையில் தன்னிறைவும் ஆகிய இரு வழிகளும் இவ்வொரே ஒழுங்கில் அடங்கியுள்ளன.

7. கலைச்சொல் நோக்கு

இவ்வறிவைத் தமிழில் எழுதும்போது மூன்று சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, 'ஆண் தாவரம்', 'பெண் தாவரம்' என்னும் வழக்கு. பனைக்கும் பப்பாளிக்கும் இது பொருந்தும். பெரணி முன்னுடலத்திற்கு இதனை அப்படியே கையாண்டால், நிலையான வகைப்பாடு என்னும் தவறான கருத்து உண்டாகும். 'ஆண்நிலை முன்னுடலம்', 'இருபால்நிலை முன்னுடலம்' என நிலையைச் சுட்டும் சொல்லை இடையே அமைப்பது பொருத்தமாகும். தமிழ் இலக்கணம் இதற்கு இடம் தருகிறது. ஆண்பால், பெண்பால் என்னும் பால் பாகுபாடு உயர்திணைக்குரியது. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்னும் எண் வழிப்பட்ட பாகுபாடே உண்டு. களிறாயினும் பிடியாயினும் வினைமுற்று ஒன்றே. ஆகவே ஆணாக இருந்த முன்னுடலம் இருபாலாக மாறியது என்று எழுதும்போது தமிழ்த் தொடரின் அமைப்பு மாற வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஆந்திரிடியோஜன் எவ்வகைப் பொருள் என்பது. ஓர் உடலுக்குள் ஓரிடத்தில் தோன்றி மற்றோரிடத்தில் செயற்படுவது ஹார்மோன். அது இயக்குநீர் எனத் தமிழில் வழங்குகிறது. உடலை விட்டு வெளியேறி, அதே இனத்தின் வேறோர் உடலில் செயற்படுவது ஃபெரோமோன். வேளாண் தமிழில் பூச்சிகளைப் பிடிக்கும் ஃபெரோமோன் பொறி, 'இனக்கவர்ச்சிப் பொறி' என வழங்குகிறது. அங்கு அச்சொல் பொருத்தமானது. ஆனால் ஆந்திரிடியோஜன் எதனையும் கவர்வதில்லை. அண்டை உடலின் வளர்ச்சிப் போக்கையே மாற்றுகிறது. எனவே 'இனக்கவர்ச்சிப் பொருள்' என்று இதனை எழுதுவது பிழையாகும். வெளியேறும்போது செய்திப்பொருளாகவும், ஏற்கப்பட்டபின் இயக்குநீராகவும் செயற்படும் இதனை 'அயலுடல் இயக்குநீர்' எனலாம். தனிப்பெயராக 'ஆந்திரிடியோஜன்' என்பதையே தமிழ் எழுத்தில் கையாள்வது தெளிவு தரும்.

மூன்றாவது, விளக்கப்படங்களால் விளைவது. இதய வடிவ முன்னுடலம் ஒன்றினை வரைந்து, அதன் குழிவருகே ஆர்க்கிகோனியங்களையும் வேரிகளினிடையே ஆந்திரிடியங்களையும் காட்டுவது பாடநூல் வழக்கம். அப்படம் தவறன்று, தனித்து வளர்ந்த முன்னுடலத்தின் உண்மை நிலையே அது. ஆனால் அது ஒன்றே காட்டப்படும்போது, பெரணி தன்னைத் தானே கருவுறச் செய்வதே இயல்பு என்று மாணவர் கொள்ள இடமுண்டு. பெரிய முன்னுடலம் ஒன்றும் அதனைச் சூழ்ந்த சிறிய ஆண்நிலை முன்னுடலங்கள் சிலவும் ஒரே படத்தில் இடம்பெறின் இத்தவறு நேராது.

முடிவுரை

பெரணியின் இனப்பெருக்க வளர்ச்சியில் ஒளியும் இயக்குநீரும் தனித்தனிக் காரணிகள் அல்ல. சிவப்பு ஒளி முளைக்கச் செய்கிறது. நீல ஒளி தகடு வடிவைத் தந்து ஆர்க்கிகோனியத்திற்கு இடம் அமைக்கிறது. முந்தி வளர்ந்த உடல் முற்றுப்பெறாத ஜிப்ரெல்லினை வெளியிடுகிறது. பிந்தி வளர்ந்த உடல் அதனை முற்றுவித்து ஆண்நிலையை அடைகிறது. ஒளி இல்லாத இடத்தில் அதே பொருள் ஒளியின் பணியையும் ஏற்று, புதைந்த ஸ்போரை முளைக்கச் செய்கிறது.

இவற்றால், பெரணியின் பாலினம் ஓர் உடலுக்குள் மட்டும் நிகழும் தீர்மானம் அன்று என்பதும், அண்டை உடல்களோடு கொள்ளும் தொடர்பிலேயே அது முடிவாகிறது என்பதும் பெறப்படுகின்றன. இலையின் தோற்றத்தைக் கொண்டு ஆண் என்றும் பெண் என்றும் பெயரிட்ட பழைய வழக்கு, பாலினத்தை நிலைத்த பண்பாகக் கருதியது. அக்கருத்து தமிழ் அறிவியல் நூல்களில் சொல்லாலும் படத்தாலும் மீண்டும் இடம்பெறாதவாறு காப்பது, கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதவேண்டிய பணியாகும்.